நடித்து விழுந்தால் மூன்று ஆட்டம்

கொண்டு வாருங்கள், செயலாளரே. தாராளமாகக் கொண்டு வாருங்கள். உங்கள் ஊர்க் கால்பந்துப் போட்டியிலும் வீடியோ விதி வரட்டும், நான் வேண்டாம் என்றா சொல்கிறேன்? அதைக் கேட்கத்தானே இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறீர்கள். கடற்கரையில் நாலு பேரிடம் விசாரித்திருப்பீர்கள். "ததேயுஸ் வீடா? அந்த ஆளு வீடா?" என்று கேட்டுவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்திருப்பார்கள். சிரிக்கவில்லையா? அப்படியென்றால் நீங்கள் போன பிறகு சிரித்திருப்பார்கள்.

விதியை எழுதியவன் நான்தான். கல்லுவிளைத்துறை விளையாட்டுக் கழகத்தில் இருபத்தாறு உறுப்பினர்கள். அதில் பாதிப் பேருக்கு ஆஃப்சைடு என்றால் என்னவென்று இன்றைக்கும் தெரியாது. எனக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. ஐஸ் ஆலையில் கம்ப்ரஸர் பார்க்கிற வேலை எனக்கு, பதினெட்டு வருடமாக ராத்திரி ஷிஃப்ட். அழுத்தம் காட்டுகிற முள்ளைப் பார்க்க வேண்டும், அது தவிர வேலை இல்லை. போனில் வெளிநாட்டு ஆட்டங்களைப் பார்ப்பேன். அங்கேதான் பார்த்தேன். ஒருத்தன் பெனால்டிப் பெட்டிக்குள் விழுகிறான், ரெஃபரி விசிலை வாயில் வைத்துவிட்டு நிறுத்துகிறார், காற்றில் இரண்டு கையாலும் ஒரு சதுரம் போடுகிறார், ஓரத்தில் இருக்கிற திரைக்குப் போய்ப் பார்க்கிறார், திரும்பி வந்து விழுந்தவனுக்கே மஞ்சள் அட்டை காட்டுகிறார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. தனியாக உட்கார்ந்து கை தட்டினேன். இப்படி ஒரு நியாயம் பூமியில் இருக்கிறதா என்று நினைத்தேன்.

ஏன் அழுதேன் என்று கேட்கவில்லையே நீங்கள். சரி, நானே சொல்கிறேன்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் நான் எங்கள் ஊர் ஸ்டாப்பர். கடைசித் தடுப்பு. பங்குத் திருவிழாக் கோப்பை இறுதி ஆட்டம், எதிரே மணல்முனை. அந்த அணியில் பெர்க்மான்ஸ் என்று ஒரு ஃபார்வர்ட். ஒல்லியாக, உயரமாக, தலை நிறைய முடி. பந்தை வைத்துக்கொண்டு என்னிடம் வந்தான். நான் காலை நீட்டினேன். பந்தைத்தான் தொட்டேன். கேட்டுக்கொள்ளுங்கள், பந்தைத்தான். அவன் என்னைத் தாண்டிப் போய், இரண்டு எட்டு வைத்து, அதற்குப் பிறகு யோசித்து விழுந்தான். விழுந்து மூன்று முறை உருண்டான். பெனால்டி. எனக்குச் சிவப்பு அட்டை. நான் கோட்டைத் தாண்டி வெளியே வருகிறபோது அவன் படுத்தபடியே என்னைப் பார்த்து ஒரு கண்ணை மூடித் திறந்தான்.

கோப்பை அவர்களுக்குப் போனது. எங்கள் ஊரில் ஒரு வருடம் என்னை "பெனால்டி" என்றுதான் கூப்பிட்டார்கள். மீன் ஏலம் போடுகிற இடத்தில், முடி வெட்டுகிற இடத்தில், பூசை முடிந்து வெளியே வருகிறபோதுகூட. "எடே பெனால்டி, குடை இருக்கா?" என்று. அதற்குப் பிறகு நான் பந்தைத் தொடவில்லை. ஒரு ஆள் ஒரு கண்ணை மூடித் திறந்ததற்கு எனக்கு இவ்வளவு. நீங்கள் இதை எழுத வேண்டாம், இது விதியில் வராது.

விதிக்கு வருவோம். மூன்றே விதிதான். நோட்டைக் கமிட்டிக்காரர்கள் பிடுங்கிக்கொண்டார்கள், எனக்கு மனப்பாடம். ஒன்று, நடித்து விழுந்தால் மூன்று ஆட்டம் தடை. இரண்டு, ரெஃபரி பார்க்காதபோது கிள்ளுவது, துப்புவது, முழங்கையால் இடிப்பது, இதற்கெல்லாம் அந்தப் போட்டி முழுவதும் தடை. மூன்று, வாயாலோ கையாலோ எதிராளியைச் சீண்டினால் ஒரு வருடம் மைதானத்துக்குள் கால் வைக்கக் கூடாது, ஆட்டக்காரனோ பயிற்சியாளரோ கமிட்டிக்காரனோ யாராக இருந்தாலும். அந்தக் கடைசி வால் நான் மணல்முனைப் பயிற்சியாளரை நினைத்துச் சேர்த்தது. அவர் கோட்டுக்கு வெளியே நின்று காட்டாத கை இல்லை. கமிட்டிக்காரனோ என்பது... ஒரு ஓசைக்காக வந்துவிட்டது. எழுதுகிற ஓட்டத்தில் வந்துவிடும் இல்லையா? நீங்கள் அதை எழுதாதீர்கள்.

கமிட்டியில் இதை வைத்தபோது கிளீட்டஸ் வாத்தியார், அவர்தான் தலைவர், பள்ளியில் டிரில் மாஸ்டராக இருந்தவர், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ததேயு, ஆட்டம்னா விழத்தான் செய்வான். எல்லாத்தையும் வீடியோ போட்டுப் பாத்தா பிறகு எவன்தான் சுத்தம்?"

"சுத்தமானவன் பயப்பட மாட்டான் வாத்தியாரே."

"நீரு பயப்பட மாட்டீரா?"

"நான் ஏன் ஓய் பயப்படணும்?"

சிரித்தார்கள். எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். முதல் கையெழுத்து என்னுடையது.

கேமராவுக்கு யார்? எங்கள் ஊரில் கேமரா என்றால் கிங்ஸ்லின்தான். கல்யாண வீடியோ எடுக்கிறவன். ஞானஸ்நானம், புதுநன்மை, மஞ்சள் நீராட்டு, அடக்கம், எல்லாம் அவன்தான். "அண்ணே, ஃபுட்பால் நான் எடுத்ததில்லையே" என்றான். "பந்து எங்க போகுதோ அங்க கேமராவைத் திருப்பு, அவ்வளவுதான்" என்றேன். அங்கேதான் என் தப்பு. வேறு எங்கேயும் என் தப்பு இல்லை. எழுதிக்கொள்ளுங்கள். கல்யாண வீடியோக்காரனை வைக்காதீர்கள்.

ஏனென்று சொல்கிறேன். பீடத்துக்கு முன்னால் மாப்பிள்ளை மோதிரம் போடுகிறான் என்று வையுங்கள். எல்லாரும் மோதிரத்தைப் பார்ப்பார்கள். கிங்ஸ்லின் மட்டும் திரும்பி நிற்பான். பெண்ணின் அம்மா அழுகிறாளா, மாப்பிள்ளையின் பழைய கோபக்கார மாமா முகம் எப்படி இருக்கிறது, அதைத்தான் எடுப்பான். "மோதிரம் எல்லாருக்கும் தெரியும் அண்ணே, முகந்தான் பிறகு பாக்கக் கேப்பாங்க" என்பான். கை அவனுக்கு அப்படிப் பழகிவிட்டது. இன்னொன்று, சத்தத்தைப் பதிய மாட்டான். பின்னால் பாட்டுத்தானே போடப்போகிறோம் என்று மைக்கையே அணைத்து வைத்திருப்பான். எங்கள் ஊர்க் கல்யாண வீடியோ ஒன்றில்கூட எவரும் பேசி நீங்கள் கேட்க முடியாது. வாய் அசையும். மேலே வயலின் ஓடும்.

ஆனால் முதல் மூன்று வாரம் நன்றாகத்தான் போனது. சனிக்கிழமை ஆட்டம். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் பங்கு மண்டபத்தில் திரை கட்டி வீடியோ. கமிட்டி மட்டும் பார்த்தால் போதும் என்று நான் சொன்னேன். ஊர் கேட்குமா? பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், கோயிலில் உட்கார்வதுபோலவே உட்கார்ந்துவிட்டார்கள். கடலை விற்கிறவன் வந்துவிட்டான். நான் ஒரு கம்பை வைத்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் நிற்பேன். "நிறுத்து. பின்னால போ. இப்போ மெதுவா. பாருங்க, கால்ல பட்டிருக்கா? படல்ல. ஒரு சாண் இடைவெளி. எதுக்குலே விழுந்தே?" விழுந்தவன் அங்கேயே கூட்டத்தில் உட்கார்ந்திருப்பான், தலையைக் குனிந்துகொள்வான். அவன் அம்மா தலையில் குட்டுவாள். மூன்று பேருக்குத் தடை கொடுத்தேன். கொடுத்தோம். ஒருத்தன் என் சொந்த மச்சினன் மகன். வீட்டுக்கு வந்து கத்தினார்கள். "பந்தத்துக்கு விதி வளையாது" என்றேன். இருபத்திரண்டு வருடம் கழித்து ஊர் என்னை மதிப்பாகப் பார்த்தது, செயலாளரே. "ததேயு அண்ணன் கண்ணுல தப்பாது" என்றார்கள். பெனால்டி என்று கூப்பிட்டவனே சொன்னான்.

நான்காவது வாரம் அரையிறுதி. எதிரே மணல்முனை.

மணல்முனையில் இப்போது ஃபார்வர்ட் ஜோவின். இருபத்தொரு வயது. ஒல்லி, உயரம், தலை நிறைய முடி. யார் மகன் என்று நான் சொல்ல வேண்டுமா? பெர்க்மான்ஸ் மகன்.

பெர்க்மான்ஸ் இல்லை. சில வருடத்துக்கு முன்னால் அந்தப் பெரிய புயலில் கடலோடு போனான். படகில் ஒன்பது பேர். ஆறு பேர் பிணமாக வந்தார்கள், இரண்டு பேர் உயிரோடு வந்தார்கள், இவன் வரவேயில்லை. பெட்டி வைத்து, பெட்டிக்குள் ஒரு சட்டையை வைத்து அடக்கம் செய்தார்கள். அந்த வாரம் முழுக்க ஐஸ் ஆலையில் நான்தான் இருந்தேன். மீனுக்கு ஒரு கட்டி போகவில்லை. எல்லாக் கட்டியும் பிணங்களுக்கென்று ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் போனது. ஊர் பேர் சொல்லி வந்து வாங்கிப் போவார்கள். மணல்முனைக்காரர்கள் ஆறு தடவை வந்தார்கள். ஏழாவது தடவை வருவார்கள் என்று இரண்டு கட்டியை உமி போட்டு மூடி மூலையில் வைத்தேன். அவனுக்காக. ஆமாம், பெர்க்மான்ஸுக்காகத்தான். எட்டு நாள் வைத்திருந்தேன். கரைந்ததும் வேறு எடுத்து வைப்பேன். யாரும் வரவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம் எதற்குச் சொல்கிறேன் என்றும் தெரியவில்லை. இதையும் எழுத வேண்டாம். இதற்கெல்லாம் எந்தக் கமிட்டியும் ஒன்றும் கொடுக்காது.

சரி, ஆட்டம்.

கோல் இல்லாமல் ஐம்பது நிமிடம். நான் கோட்டை ஒட்டி நிற்கிறேன், கமிட்டி பாட்ஜ் குத்தியிருக்கிறேன். ஜோவின் இடது ஓரமாகப் பந்தை எடுத்து வருகிறான். எங்கள் பையன் காலை நீட்டுகிறான். ஜோவின் போகிறான், இரண்டு எட்டு வைக்கிறான், விழுகிறான். என் முன்னால். என் காலுக்கு மூன்றடி தூரத்தில். விழுந்து கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உருள்கிறான். அப்பனேதான். அச்சு அசல். அந்த உருளல்கூட. மூன்று முறை உருண்டான், நான் எண்ணினேன்.

நான் இரண்டு எட்டு உள்ளே போனேன். ஏதோ ஒரு வார்த்தை சொன்னேன். எழும்பி விளையாடு என்கிற மாதிரி. ஆட்டத்தில் யார்தான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள்? அவன் உருள்வதை நிறுத்தினான். ஒற்றைக் காலில் எழுந்தான். என் நெஞ்சில் கையை வைத்துத் தள்ளினான். நான் விழுந்தேன். கமிட்டிக்காரனை! பாட்ஜ் போட்டவனை! ரெஃபரி சிவப்பு அட்டை காட்டினார். பத்து நிமிடம் கலவரம். மணல்முனைக்காரர்கள் கொடியை உருவிக்கொண்டு ஓடி வந்தார்கள், எங்கள் ஆட்கள் கம்பி வேலியைத் தாண்டினார்கள், பங்குத்தந்தை மைக்கைப் பிடித்து "இயேசுவுக்கே புகழ்" என்று கத்தினார். ஆட்டம் நின்றது.

நான் அன்றைக்கே எழுதிக் கொடுத்தேன். ஜோவின் நடித்து விழுந்தான், அதற்கு மூன்று ஆட்டம். கமிட்டி ஆளை அடித்தான், அதற்கு ஆயுளுக்கும் தடை. இந்தக் கரையில் எந்த ஊர்ப் போட்டியிலும் அவன் ஆடக் கூடாது, எல்லாப் பங்குக்கும் கடிதம் போக வேண்டும். மணல்முனைக்காரர்கள் "ததேயுஸ் சீண்டினார்" என்றார்கள். "அப்படியா? வீடியோ இருக்கு. ஊருக்கு முன்னால போடுங்க" என்றேன். நான்தான் கேட்டேன். பயந்தவன் கேட்பானா?

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நிற்க இடமில்லை. மணல்முனையிலிருந்து இரண்டு வேன். ஜோவினை இரண்டு பேர் தாங்கிக் கொண்டு வந்தார்கள், காலில் மாவுக்கட்டு. கட்டு யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், செயலாளரே. பக்கத்தில் அவன் அம்மா. மணல்முனையிலிருந்து இந்தப் பக்கம் தையல் யூனிட்டுக்கு வேலைக்கு வருகிறவள்தான், பார்த்திருக்கிறேன். கறுப்புச் சேலை. இத்தனை வருடமாகியும் கறுப்பு.

நான் கம்போடு போய்த் திரைக்குப் பக்கத்தில் நின்றேன். "போடுலே கிங்ஸ்லின்" என்றேன்.

ஓடியது. ஜோவின் பந்தை எடுக்கிறான். ஓடுகிறான். எங்கள் பையன் வருகிறான். இப்போது விழப்போகிறான், எல்லாரும் கழுத்தை நீட்டுகிறார்கள். கேமரா திரும்பிவிட்டது! மோதிரம் போடுகிற நேரத்தில் மாமியார் முகத்துக்குத் திரும்புகிற மாதிரி, அந்தப் பாவி, பந்தை விட்டுவிட்டுக் கோட்டோரக் கூட்டத்துக்குத் திரும்பிவிட்டான். திரை முழுக்க என் முகம்.

"என்னலே இது?" என்றேன்.

"அண்ணே, அந்த நேரம் உங்க முகம் நல்லா இருந்துது. நல்ல வெளிச்சம்" என்றான்.

யோசித்துப் பாருங்கள். எதற்காகக் கேமரா வைத்தோமோ அது பதிவாகவில்லை. அவன் விழுந்தது நடிப்பா நிஜமா? இன்று வரைக்கும் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் திரையில் இல்லை. திரையில் நான். என் முகம் ஒரு மாதிரி சிரித்துக்கொண்டு இருக்கிறது. அது சிரிப்பு இல்லை, வெயில். நான் குனிகிறேன். வாய் அசைகிறது. கீழேயிருந்து ஒரு கை வந்து என் நெஞ்சைத் தொடுகிறது. நான் நிற்கிறேன். நின்று, அப்புறம் விழுகிறேன். விழுந்து முகத்தைப் பிடித்துக்கொள்கிறேன்.

யாரோ "கிங்ஸ்லினு, பின்னால போ, மெதுவா போடு" என்று கத்தினான். என் வார்த்தையையே எடுத்துக் கத்துகிறான். மெதுவாகப் போட்டான். நெஞ்சில் கை. ஒன்று, இரண்டு என்று கூட்டம் எண்ணுகிறது. அப்புறம் ததேயுஸ் விழுகிறான். முகத்தைப் பொத்துகிறான். மண்டபமே சிரித்தது. மணல்முனைக்காரர்கள் பெஞ்சில் தட்டினார்கள். "மூணு ஆட்டம்! மூணு ஆட்டம்!" கடலைக்காரன்கூட. பங்குத்தந்தை கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார், சாமியார் இருமலைப் பற்றி எனக்குத் தெரியாதா?

ஐம்பத்தொரு வயது எனக்கு. இந்த வயதில் ஒருவன் தள்ளினால் எங்கே பட்டது என்று உடம்புக்குத் தெரியுமா? நெஞ்சில் பட்டால் முகம் வலிக்கக் கூடாதா?

கிளீட்டஸ் வாத்தியார் கையை உயர்த்தி அடக்கினார். "விழுந்தத விடுங்க. அதுக்கு முன்னால வாய் அசையுதே, என்ன சொன்னீரு ததேயு?"

"எழும்பி விளையாடுன்னு சொன்னேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். சத்தம் இருந்தா கேட்டுப் பாருங்க."

சத்தம் இல்லை. இருக்காது என்று எனக்குத் தெரியும். கிங்ஸ்லின் அணைத்து வைத்த மைக்கை மனதுக்குள் நான் கும்பிட்டேன். ஜோவின் சொல்லட்டும் என்றார்கள். அவன் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "எனக்க அம்ம இங்க இருக்குதாங்க. சொல்ல மாட்டேன்" என்றான். பார்த்தீர்களா? சொல்லவில்லை என்றால் சொல்ல ஒன்றும் இல்லை என்றுதானே அர்த்தம். நான் அதைத்தான் சபையில் சொன்னேன். "சொல்ல ஒண்ணும் இல்ல, அதான் சொல்லல்ல. ஆயுள் தடையை எழுதுங்க" என்றேன். வாத்தியார் பேனாவையும் எடுத்துவிட்டார்.

அப்போது பெண்கள் பக்கத்தில் ஒருத்தி எழுந்து நின்றாள்.

உள்ளே தையல் மெஷின் ஓடுகிறதே, கேட்கிறதா? அவள்தான். ரோஸ்லெட். என் மகள், 'மக்களே' என்றுதான் கூப்பிடுவேன். இருபத்தாறு வயது. நீங்கள் வரும்போது கும்பிட்டாளே. அவளுக்குக் காது கேட்காது. பிறவியில் இல்லை, ஏழு வயதில் காய்ச்சல் வந்து போனது. பேசுவாள். ஆனால் தன் குரல் தனக்குக் கேட்காததால் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்று தெரியாது. மற்றவர் பேசுவதை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். மற்றவர் என்றால் பாதிதான் பிடிபடும். என் உதடு என்றால் ஒரு எழுத்து தப்பாது. என் உதட்டில்தான் அவள் படித்தாள். காய்ச்சல் போன மாதத்திலிருந்து மீசை மேல் உதட்டில் விழாமல் வெட்டிக்கொண்டு வருகிறேன், பத்தொன்பது வருடமாக. அவள் அம்மா போன பிறகு இந்த வீட்டில் இரண்டு பேர்தான். கோயிலில் பிரசங்கம் நீண்டால் நான் ஆண்கள் பக்கத்திலிருந்து சத்தமில்லாமல் உதட்டை அசைப்பேன், "இன்னைக்கு நிறுத்த மாட்டாரு" என்று. அவள் அந்தப் பக்கத்தில் முக்காட்டுக்குள் சிரிப்பாள். முந்நூறு பேர் நடுவில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் ஒரு பேச்சு.

அவள் எழுந்து நின்று, "இன்னொரு தடவை போடுங்க" என்றாள். தேவைக்கு மேல் சத்தமாக.

யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அதைக் கவனியுங்கள். கமிட்டி கேட்கவில்லை, மணல்முனை கேட்கவில்லை. இவளாக. எதற்கு? அந்தக் கறுப்புச் சேலைக்காரி தையல் யூனிட்டில் இவளுக்குப் பக்கத்து மெஷின், அதற்காகவா? பக்கத்து மெஷின் பெரிதா, பெற்ற அப்பன் பெரிதா?

கிங்ஸ்லின் என்னைப் பார்த்தான். வாத்தியார் "போடு" என்றார். போட்டான். மெதுவாக. அவள் திரைக்குப் பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள். சின்ன வயதில் என் மடியில் உட்கார்ந்து இப்படித்தான் பார்ப்பாள், வாயை லேசாகத் திறந்துகொண்டு. அசைந்து முடிந்தது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். திரையில் இருந்த என்னை அல்ல, கம்போடு நிற்கிற என்னை.

நான் சத்தமில்லாமல் உதட்டை அசைத்தேன். எங்கள் பேச்சில். சொல்லாதே மக்களே என்று.

அவள் சபையைப் பார்த்துத் திரும்பினாள். "அப்பா இப்போ எங்கிட்ட 'சொல்லாதே'ங்காரு" என்றாள்.

செயலாளரே, ஒரு அப்பன் மகளிடம் தனியாகச் சொன்னதைச் சபையில் சொல்லலாமா? அதற்கு எந்த விதியில் தண்டனை இருக்கிறது? உங்கள் ஊரில் எழுதும்போது அதற்கு ஒரு விதி எழுதுங்கள்.

பிறகு அதையும் சொன்னாள். ஏற்ற இறக்கம் இல்லாமல், கோயிலில் வாசகம் வாசிக்கிற மாதிரி, மண்டபத்துக்கு வெளியே நிற்கிறவனுக்கும் கேட்கிற மாதிரி.

"உனக்க அப்பன் விழுந்ததுல கடைசியா கடல்ல விழுந்தது ஒண்ணுதாம்லே நெசம்."

அவ்வளவுதான். ஒரு வரி. ஒரு மூச்சில் முடிகிற வார்த்தை. ஆட்டத்தின் சூட்டில் வருகிறது, போகிறது. நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? உங்கள் ஊர் மைதானத்தில் இதைவிடப் பெரிய வார்த்தை விழாதா?

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அந்த அம்மா எழுந்தாள், முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு வெளியே போனாள். ஜோவின் ஒற்றைக் காலில் தத்திக்கொண்டு பின்னாலேயே போனான். எங்கள் ஊர்க்காரர்களே வழி விட்டு எழுந்து நின்றார்கள், பெட்டி போகிறபோது எழுந்து நிற்பார்களே, அப்படி.

வாத்தியார் என் நோட்டைத் திறந்து மூன்றாம் விதியை வாசித்தார். என் கையெழுத்தில் இருந்ததை எனக்கே வாசித்தார். "ஆட்டக்காரனோ, பயிற்சியாளரோ, கமிட்டிக்காரனோ, யாராக இருந்தாலும்." ஒரு வருடம். மணல்முனைக்குப் போய் அந்த வீட்டில் மன்னிப்புக் கேட்டால் பாதியாகக் குறைக்கிறோம் என்றார். ஜோவினுக்கு இரண்டு ஆட்டம் மட்டும், தள்ளியதற்காக. ஆயுள் தடை இல்லை. அந்தக் கட்டோடு எப்படியும் ஆடப்போவதில்லை, அது வேறு.

போகவில்லை நான். எதற்குப் போக வேண்டும்? இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் அவன் நடித்ததற்கு யார் என் வீட்டுக்கு வந்தார்கள்? அப்போது கேமரா இல்லை என்பதால் அவன் நல்லவன், இப்போது கேமரா இருப்பதால் நான் கெட்டவன். இதுதானே உங்கள் வீடியோ நியாயம்?

மைதானம் போனால் போகட்டும். அதைச் சொல்லவா உங்களை இவ்வளவு நேரம் உட்கார வைத்தேன்?

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் இவளிடம் கத்தினேன். "யாருக்க சோத்தைத் தின்னுட்டு யாருக்குச் சாட்சி சொல்லுக?" என்றேன். முழுக்கப் பார்த்தாள். ஒரு சொல் விடாமல் என் உதட்டில் படித்தாள். முடித்ததும் சொன்னாள், "அந்த வீட்டுக்குப் போய்ட்டு வாங்க. அது வரைக்கும் உங்க முகத்தப் பாக்க மாட்டேன்."

கோபத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன். சாயங்காலம் டீ கொண்டு வந்து வைத்தாள். "சீனி போட்டியா?" என்றேன். டம்ளரைப் பார்த்துக்கொண்டே போய்விட்டாள். செயலாளரே, காது கேட்கிறவர்கள் வீட்டில் ஒருத்தி கோபித்துக்கொண்டு திரும்பிக்கொண்டாலும் நாம் பேசலாம். பின்னாலேயே போய்ப் பேசலாம். அடுக்களை வாசலில் நின்று கத்தலாம். காதை மூடிக்கொள்ளவா முடியும்? இவள் கண்ணைத் தாழ்த்தினால் முடிந்தது. நான் இந்த வீட்டில் இல்லை. இன்றோடு பத்தொன்பது நாள். சோறு வைக்கிறாள், சட்டை துவைத்துப் போடுகிறாள், ஷிஃப்டுக்குப் போகும்போது கம்பளியை மடித்து வைக்கிறாள். என் சட்டைப் பொத்தானுக்கு மேலே பார்ப்பதில்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்துப் பார்த்தேன். மடித்துக் குப்பையில் போட்டாள், படிக்காமல்.

எதிரே போய்க் குனிந்துகூடப் பார்த்தேன். முகத்தைக் கொண்டுபோய் அவள் முகத்துக்குக் கீழே நீட்டினேன். கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு மனிதன் தன் மகளிடம் இப்படியா வளைய வேண்டும்?

ஆனால் நீங்கள் வந்தபோது உங்கள் முகத்தைப் பார்த்தாள். நான் கவனித்தேன். நீங்கள் "ததேயுஸ் இருக்காரா?" என்று கேட்டபோது உங்கள் உதட்டைப் பார்த்து "இருக்காரு" என்றாள். வெளியாள் என்றால் பார்ப்பாள்.

ஒன்று செய்யுங்கள். எனக்காக இல்லை, விதி கேட்டு வந்தீர்கள் அல்லவா, அதற்குப் பதிலாக என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போய், அவளுக்கு முன்னால் நின்று, மெதுவாகச் சொல்லுங்கள். "அங்க பாரு" என்று சொல்லி என் பக்கம் கையைக் காட்டுங்கள். அவ்வளவு போதும். யாராவது கையைக் காட்டினால் கண் போகும். அது அவளைக் கேட்டா போகிறது? ஒரு நொடி. ஒரு நொடி அவள் என்னைப் பார்த்தால் போதும், நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவேன். பத்தொன்பது நாளாக அதைத்தான் சுருக்கிச் சுருக்கி வைத்திருக்கிறேன். ஐஸ் ஆலையில் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிக்கூடப் பார்த்தேன். ஒரு நொடிக்குள் முடிகிறது.

போங்கள். செருப்பு கிடக்கட்டும், பரவாயில்லை.

ஆ, அங்கேதான். இன்னும் கொஞ்சம் தள்ளி. ஜன்னலை மறைக்காதீர்கள், என் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும். சொல்லுங்கள். கையைக் காட்டுங்கள்.

பார்க்கிறாள்.

ரோஸ்லெட், மக்களே, அவன் நடிச்சாம்மா. சத்தியமா நடிச்சான். நான் கண்ணால பாத்தேன்.

...

பார்த்தீர்கள் அல்லவா, செயலாளரே? நீங்களே சாட்சி. நான் பேசினேன். அவள்தான் திரும்பிக்கொண்டாள்.